கவசத்தோடு கல்லான டைனோசார்

ஆமை தன் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்வதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அழுங்கு என்னும் எறும்புத்தின்னி ஆபத்து நேர்ந்தால் பந்தைப்போல் சுருண்டுகொள்ளும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். முதலையின் முதுகுத் தோலுக்கு அடியில் எலும்புத் தட்டுகள் வரிசையாக இருக்கின்றன என்பதும் நமக்குத் தெரியும். வேகமாக ஓடித் தப்ப முடியாத உயிர்களுக்கு உடம்பையே கோட்டையாக அமைத்துக் கொடுத்திருக்கிறார் இறைவன். அப்படிப்பட்ட ஒரு கோட்டையைச் சுமந்துகொண்டு, இலை தழைகளைத் தின்று, சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு டைனோசாரைப் பற்றித்தான் இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

டைனோசார் என்றதும் நம் தோழியர் பலருக்கும் கூரிய பற்களும் சின்னஞ்சிறு கைகளும் கொண்ட டைரனோசாரஸ்தான் நினைவுக்கு வரும். சினிமாக்காரர்கள் செய்த வேலை அது! உண்மையில் டைனோசார்களில் பெரும்பகுதி சாதுவான தாவர உண்ணிகளே. அவற்றில் உடம்பெல்லாம் எலும்புத் தட்டுகள் பதித்த ஒரு கூட்டம் உண்டு. அக்கூட்டத்தை விஞ்ஞானிகள் ‘அங்கைலோசார்’ என்று அழைக்கிறார்கள். குட்டையான நான்கு கால்கள், மேசை போல் அகன்ற முதுகு, தாழ்ந்த தலை, வேகமில்லாத நடை இவற்றின் அடையாளங்கள். இக்கூட்டத்தில் இரண்டு குடும்பங்கள் முக்கியமானவை. ஒரு குடும்பத்துக்கு வாலின் நுனியில் சம்மட்டி போன்ற எலும்புக் குமிழ் இருக்கும். அதைச் சுழற்றி அடித்தால் எதிரியின் கால் முறிந்துவிடும். இக்குடும்பத்தைச் சேர்ந்த யூயோப்ளோசெபாலஸ் என்ற விலங்குக்குக் கண்ணிமையில்கூட எலும்பு இருந்ததாம். மற்றொரு குடும்பத்துக்கு வாலில் சம்மட்டி கிடையாது. அதற்குப் பதிலாகக் கழுத்திலும் தோளிலும் நீண்ட முட்கள் உண்டு. இதற்கு ‘நோடோசார்’ குடும்பம் என்று பெயர். நம் கட்டுரையின் நாயகர் இந்த இரண்டாம் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

கவச டைனோசார்களைப் பற்றிய ஆராய்ச்சி இங்கிலாந்தில் தொடங்கிற்று. 1832-இல் சசெக்ஸ் பகுதியில் வாழ்ந்த கிடியன் மாண்டெல் என்ற மருத்துவருக்கு ஒரு கற்பாளம் கிடைத்தது. அதில் எலும்புகளும் நீண்ட முட்களும் கலந்து கிடந்தன. அவர் அதற்கு ஹைலியோசாரஸ் என்று பெயரிட்டார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1842-இல், ரிச்சர்டு ஓவன் என்ற அறிஞர் ‘டைனோசார்’ என்னும் பெயரையே முதன்முதலாக உண்டாக்கியபோது, அதற்குச் சான்றாகக் காட்டிய மூன்று விலங்குகளில் இந்தக் கவச விலங்கும் ஒன்று. ஆனால் அந்த முட்கள் உடம்பில் எந்த இடத்தில் இருந்தன? மாண்டெலுக்கு அது விளங்கவில்லை. சில ஓணான்களுக்கு இருப்பதுபோல் முதுகின் நடுவில் வரிசையாக நின்றிருக்கலாம் என்று எண்ணினார். 1854-இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸ் பூங்காவில் சிற்பி வாட்டர்ஹவுஸ் ஹாகின்ஸ் செய்த உருவத்திலும் முட்கள் முதுகின் நடுவில்தான் நிற்கின்றன. இன்றைக்கும் அந்தச் சிலையை அங்கே காணலாம். ஆனால் அந்த முட்கள் நின்ற இடம் நடுமுதுகு அல்ல, பக்கங்கள் என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இந்தத் தவறுக்கு மாண்டெலைக் குறை கூறுவது நியாயமாகாது. கவச விலங்குகளில் உள்ள சங்கடமே அதுதான். அவற்றின் தட்டுகளும் முட்களும் எலும்புக்கூட்டோடு மூட்டுப் போட்டுப் பொருந்தியவை அல்ல. வெறுமே தோலில் பதிந்தவை. விலங்கு இறந்து தோல் அழுகியதும், சட்டையின் நூல் அறுந்தால் பொத்தான்கள் உதிர்வதுபோல் எல்லாம் உதிர்ந்து சிதறிவிடும். பிறகு மழையும் ஆறும் வந்து கலைத்துப்போட்டுவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின் வந்து பார்க்கிறவருக்குக் கிடைப்பது ஒரு கூடைப் பொத்தான்களே. எந்தப் பொத்தான் எந்தத் துளைக்கு என்று யாரால் சொல்ல முடியும்? ஆகையால்தான் பழைய புத்தகங்களில் உள்ள கவச டைனோசார் படங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

பொத்தான் ஒன்றுகூட உதிராத சட்டை கிடைத்தால் எப்படியிருக்கும்? அப்படிக் கிடைத்ததுதான் 2011-ஆம் ஆண்டின் அதிசயம்.

கனடா நாட்டின் மேற்குப் பகுதியில் ஆல்பர்ட்டா என்ற மாகாணம் இருக்கிறது. அதன் வடக்கே ஃபோர்ட் மக்மரே என்ற ஊரைச் சுற்றி, மணலோடு தார் போன்ற எண்ணெய் கலந்து கிடக்கிறது. அந்த மணலைத் தோண்டி எடுத்துப் பெட்ரோலிய எண்ணெய் பிரிக்கிறார்கள். ஆழ்ந்த பள்ளங்களில் ராட்சத இயந்திரங்கள் வேலை செய்கின்றன. சன்கோர் என்னும் நிறுவனத்தின் மில்லேனியம் சுரங்கத்தில் 2011-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் ஷான் ஃபங்க் என்ற தொழிலாளி தோண்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் 12 ஆண்டுகளாக இதே வேலை பார்ப்பவர். கல்லாகிப்போன மரத்துண்டுகளை மண்ணில் கண்டிருக்கிறார். விலங்கின் எச்சம் எதையும் கண்டதில்லை. அன்று பிற்பகலில் இயந்திரத்தின் பற்கள் சுற்றியிருந்த பாறையைவிடக் கடினமான ஏதோ ஒன்றில் மோதின. விநோதமான நிறமுடைய கட்டிகள் சரிந்து விழுந்தன. அவற்றில் வட்டம் வட்டமாக ஒழுங்கான வரிசைகள் தெரிந்தன.

ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் டன் மண்ணை வாரிக் கொட்டும் இடம் அது. இன்னும் ஒருமுறை கை நீட்டியிருந்தால் இயந்திரம் அதையும் வாரி, லாரியில் போட்டு, அரைவைக்கு அனுப்பியிருக்கும். ஃபங்க் அப்படிச் செய்யவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரை அழைத்தார். பல ஆண்டு படித்துப் பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் பின்னால் வந்து எழுதிய அத்தனையும் அந்த ஒரு பிற்பகலில் அவர் வேலையை நிறுத்தியதால் கிடைத்தது என்றே நாங்கள் கருதுகிறோம். ஆல்பர்ட்டா மாகாணச் சட்டப்படி, அங்கே கிடைக்கும் புதைபடிவங்கள் மக்களின் பொதுச்சொத்து; எடுத்தவர் விற்றுவிட முடியாது. நிறுவனத்தினர் உடனே டிரம்ஹெல்லர் நகரிலுள்ள ராயல் டிரெல் அருங்காட்சியகத்துக்குத் தகவல் கொடுத்தனர்.

அருங்காட்சியகத்திலிருந்து டொனால்டு ஹெண்டர்சன், டாரன் டாங்கே என்ற இருவர் சென்றனர். போகும்போது அவர்கள் எதிர்பார்த்தது ஒரு கடல்வாழ் ஊர்வனத்தை. ஏனென்றால் அந்தச் சுரங்கத்துப் பாறை பழங்காலக் கடலின் அடிமண். அங்கு இதற்குமுன் கிடைத்தவையும் கடல் விலங்குகளே. சுரங்கத்தில் போய்ப் பார்த்தபோது, செங்குத்தான சுவரில், தரையிலிருந்து சுமார் 8 மீட்டர் உயரத்தில், தரைவாழ் கவச டைனோசார் ஒன்று அவர்களை நோக்கிக் கொண்டிருந்தது! கடலில் இதற்கு என்ன வேலை?

இதற்கு அவர்கள் கூறும் விளக்கம் இதுதான். 11 கோடி ஆண்டுகளுக்கு முன் வடக்கேயிருந்து ஒரு கடல் ஆல்பர்ட்டாவுக்குள் நீண்டு கிடந்தது. கரையோரம் வாழ்ந்த இவ்விலங்கு இறந்து, ஒருவேளை ஆற்று வெள்ளத்தில் அகப்பட்டு, கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டது. இறந்த உடலுக்குள் வாயு உண்டாகி வயிறு உப்பும். ஆற்றில் மாட்டின் சடலம் மிதந்து வருவதைக் கண்டவர்களுக்கு இது புரியும். கனமான கவசம் முதுகில் இருந்ததால் வயிறு மேலாக, முதுகு கீழாக, மல்லாந்து மிதந்திருக்கும். ஒரு நாள் வாயு வெளியேறியதும் கல்லைப்போல் மூழ்கி, முதுகு முதலில் பட, கடலடிச் சேற்றில் விழுந்தது. விழுந்த வேகத்தில் அடியிலிருந்த மண் கலைந்து நசுங்கிய அடையாளமும் பாறையில் இருக்கிறது. மண் உடனே மூடிக்கொண்டது. சுறா முதலியவை கடித்த தடம் ஒன்றும் இல்லை. சடலத்தைச் சுற்றி இரும்புக் கனிமம் கலந்த கடினமான கல் விரைவில் உருவாகி, பெட்டியில் பூட்டியதுபோல் அதைப் பாதுகாத்துவிட்டது. தரையில் இறந்திருந்தால் ஓநாய் போன்ற பிராணிகள் இழுத்துச் சிதைத்திருக்கும் (அக்காலத்தில் ஓநாய் இல்லை, ஆனால் அந்த வேலையைச் செய்ய வேறு பல இருந்தன). தன் இடத்தை விட்டுக் கடலுக்குப் போனதே இதற்கு நன்மையாகிவிட்டது.

சுவரிலிருந்து பெயர்த்தெடுக்க இரு வாரங்கள் ஆயின. மேலேயுள்ள பாறையை அகற்றிவிட்டு, படிவம் உள்ள பெருங்கல்லைத் தனியாகப் பிரித்தனர். அதன் எடை ஏறக்குறைய 7 டன். இரும்புக் கயிறு பூட்டி மேலே தூக்கியபோது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, கல் தன் பாரம் தாங்காமல் உடைந்து துண்டுகளாக விழுந்தது. வெளியே இருந்த கல் கடினமாக இருந்தாலும், உள்ளே விலங்கு இருந்த பகுதி முழுவதும் கல்லாக இறுகவில்லை என்பதே காரணம். 11 கோடி ஆண்டுகள் கடலும் மலையும் செய்யாததைத் தங்கள் கண்முன்னே ஒரு நொடியில் நடக்கக் கண்டவர்களின் மனம் எப்படித் துடித்திருக்கும்! ஆயினும் அவர்கள் அழுதுகொண்டு நிற்கவில்லை. துண்டுகளைத் திரட்டி, சாக்குத் துணியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்து ஒவ்வொன்றையும் சுற்றினார்கள். கை எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறார்களே, அதே முறைதான். பிறகு லாரியில் ஏற்றி, 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் மெதுவாக ஓட்டி அருங்காட்சியகம் கொண்டு சேர்த்தனர்.

அடுத்து வருகிறவர் மார்க் மிட்செல். புதைபடிவத்தின் மேலுள்ள கல்லை நீக்கிச் சுத்தம் செய்வது இவருடைய தொழில். நுணுக்கமான சிறு கருவிகளைக் கொண்டு, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து, கல்லைத் துளித்துளியாகச் செதுக்க வேண்டும். மேலே கல் சிமெண்டைப்போல் கெட்டி. உள்ளே தோலும் எலும்பும் முகப்பவுடர் போல் மெத்தென்றிருந்தன. சற்று அழுத்தினால் கல்லோடு தோலும் போய்விடும். அழுத்தாவிட்டால் கல் போகாது. இந்த இரண்டுக்கும் நடுவே அவர் 5 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார். மொத்தம் 7,000 மணி நேரத்துக்கும் மேல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

7,000 மணி நேரம் என்றால் எவ்வளவு என்று எங்கள் வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாளொன்றுக்கு 5 மணி நேரம் பாடம், ஆண்டுக்கு 200 நாள் பள்ளி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஆகிறது. ஆக, நான்காம் வகுப்பில் நுழைந்த ஒரு சிறுமி பத்தாம் வகுப்பை முடிக்கும்வரை வகுப்பறையில் கழிக்கும் நேரம் முழுவதையும் அவர் ஒரே ஒரு விலங்கின் முன்னால் அமர்ந்து செலவிட்டிருக்கிறார்! பூத்தையல் வகுப்பில் ஒரு கைக்குட்டையின் நான்கு ஓரத்தையும் முடிக்க நாம் எவ்வளவு அலுத்துக்கொள்கிறோம் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

2017-ஆம் ஆண்டு மே மாதம் அருங்காட்சியகத்தில் இவ்விலங்கு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் காலெப் பிரௌன், ஹெண்டர்சன் முதலானோர் இதற்கு முறைப்படி பெயர் சூட்டினர். ‘போரியலோபெல்டா மார்க்மிட்செல்லை’ என்பது அப்பெயர். முதற்சொல்லுக்கு ‘வடதிசைக் கேடயம்’ என்று பொருள். இரண்டாம் சொல்லில் இருப்பவர் மார்க் மிட்செல். பொதுவாக இப்படிப்பட்ட பெயர்களில் பெரிய பேராசிரியர்களோ பணம் உதவியவர்களோதான் இடம் பெறுவார்கள். உளி பிடித்தவரின் பெயரை வைத்தது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இனி, கல்லுக்குள் என்ன இருந்தது என்று காண்போம். மூக்கு நுனி முதல் இடுப்பு வரையுள்ள பகுதி கிடைத்திருக்கிறது. பின்பகுதியும் வாலும் கிடைக்கவில்லை. முழு விலங்கும் சுமார் 5.5 மீட்டர் நீளமும் 1,300 கிலோ எடையும் இருந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். மற்றப் புதைபடிவங்களில் எலும்புக்கூட்டைப் பார்த்து உடம்பைக் கற்பனை செய்ய வேண்டும். இங்கே எலும்புக்கூடே கண்ணுக்குத் தெரிவதில்லை! மேலே தோல் மூடியிருக்கிறது. அதனால் எலும்புகளைக் காண விஞ்ஞானிகள் சிரமப்பட வேண்டியிருக்கிறது என்பது வேடிக்கை. படத்தில் பார்த்தால், தலையைச் சற்றே திருப்பிப் படுத்து உறங்கும் விலங்கு போலவே இருக்கிறது.

கழுத்திலிருந்து இடுப்புவரை தட்டுகள் குறுக்கு வரிசைகளாக, ஓடு வேய்ந்ததுபோல், அன்று இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தட்டுக்கும் தட்டுக்கும் இடையே சிறு சிறு செதில்கள். ஒவ்வொரு தோளிலிருந்தும் ஒரு நீண்ட முள் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மாண்டெலின் காலம் முதல் தீராதிருந்த வினாவுக்கு இங்கே கண்ணாரக் காணும் விடை கிடைத்தது. இன்னொரு புதுமையும் உண்டு. மாட்டுக் கொம்பை நாம் பார்க்கிறோம். வெளியே தெரிவது எலும்பல்ல, எலும்பின்மேல் உள்ள உறை. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின் என்னும் பொருளால் ஆனது அவ்வுறை. கெரட்டின் எளிதில் அழுகிவிடுமாதலால் புதைபடிவங்களில் அநேகமாகக் கிடைப்பதில்லை. போரியலோபெல்டாவின் தட்டுகளிலும் முட்களிலும் அந்த உறை எஞ்சியிருக்கிறது. ஆகவே உயிரோடிருந்தபோது முட்கள் எலும்பின் அளவைவிட நீளமாகவே இருந்தன என்று தெரிந்துவிட்டது. கழுத்திலும் தோளிலும் முட்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்குச் சண்டை மட்டும் காரணமாக இராது. மானின் கொம்பைப்போல் தன் இனத்தாருக்குக் காட்டும் அலங்காரமாகவும் இருந்திருக்கலாம் என்று பிரௌன் எழுதுகிறார்.

எல்லாம் இடத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஓர் எதிர் உதாரணம் உண்டு. அரியலூர்ப் பகுதியும் ஒரு காலத்தில் கடலடியே. அங்குள்ள பாறையில் கிடைத்த சில எலும்புகளையும் தட்டுகளையும் ஆராய்ந்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1979-இல் ‘திராவிடோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். கவச டைனோசார்களுக்கு உறவுமுறையான, முதுகில் தட்டுகள் நிற்கும் ஸ்டெகோசார் இனம் என்பது அவர்கள் முடிவு. பின்னால் வந்த வேறு சிலர், இவை டைனோசாரின் எலும்புகளே அல்ல, பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வனத்தின் எலும்புகள் என்று மறுத்தனர். 2017-இல் அய்யாசாமியும் கால்டன் என்ற ஆராய்ச்சியாளரும் மீண்டும் ஸ்டெகோசார் என்றே வாதிட்டனர். எலும்புகள் சிதைந்தும் தனித்தனியாகவும் கிடைத்தால் இப்படித்தான் நாற்பது ஆண்டு வழக்கு நடக்கும். கனடாவிலும் முதலில் கடல் ஊர்வனம் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அங்கே ஒரு முறை பார்த்தவுடனே வழக்கு முடிந்துவிட்டது.

தோல் இருந்ததால் நிறத்தையும் ஆராய முடிந்தது. தோலில் எஞ்சியிருந்த கருமையான படலத்தை இரசாயன முறையில் சோதித்தபோது, செம்பழுப்பு நிறம் தரும் ஒருவகை நிறப்பொருளின் தடயம் கிடைத்தது. மேனாட்டார் சிலருக்குத் தலைமயிர் செம்பட்டையாக இருப்பதற்கும் அந்த வகை நிறப்பொருளே காரணம். முதுகில் அதிகமாகவும், பக்கங்களில் கீழே செல்லச்செல்லக் குறைவாகவும் அது இருந்தது. ஆகவே இவ்விலங்கு மேலே செம்பழுப்பாகவும் அடியில் வெளிறியும் இருந்தது என்பது அவர்கள் முடிவு.

இதில் என்ன பெரிய செய்தி என்று கேட்கலாம். சந்தையில் அயிலை மீனைப் பாருங்கள். முதுகு கருமை, வயிறு வெள்ளை. மானும் அப்படியே. வெளிச்சம் மேலிருந்து விழுவதால் எந்த உடம்புக்கும் மேற்பக்கம் வெளுப்பாகவும் அடிப்பக்கம் நிழலாகவும் தெரியும். அந்த வேற்றுமையால்தான் ஒரு பொருள் உருண்டு திரண்டு கண்ணுக்குத் தெரிகிறது. மேலே கருத்தும் கீழே வெளுத்தும் இருந்தால் வெளிச்சமும் நிழலும் சமமாகி, விலங்கு பின்னணியோடு கலந்து மறைந்துவிடும். இது ஒளிந்துகொள்ள வேண்டியவர்களின் நிறம். யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் இந்த நிறவேற்றுமை கிடையாது. வளர்ந்த யானையை எந்த மிருகம் வேட்டையாடப் போகிறது?

அப்படியானால் 1,300 கிலோ எடையும், உடம்பு முழுதும் எலும்புக் கவசமும், தோளில் ஈட்டி போன்ற முட்களும் உள்ள விலங்கு எதற்காக ஒளிய வேண்டும்? அந்நாளில் வட அமெரிக்காவில் அக்ரோகாந்தோசாரஸ் என்ற மாமிச உண்ணி இருந்தது. அதன் நீளம் 11 மீட்டர். கண்ணால் பார்த்துத் துரத்தி வேட்டையாடும் அத்தகைய எதிரிகளுக்குக் கவசம் மட்டும் போதவில்லை போலும். கவச வண்டியின்மீது பச்சைச் சாயம் பூசி மறைக்கிறார்களே இராணுவத்தினர், அதைப்போல் இருந்தது இதன் நிலை. ‘சாதுவான பிராணி, ஆனால் கவசம் இருப்பதால் பயமின்றித் திரிந்தது’ என்று பல புத்தகங்களில் எழுதியிருப்பதை இனிமேல் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டும். அது பயத்தோடுதான் திரிந்தது.

கடைசியாக வயிறு. எங்களுக்கு மிகவும் விருப்பமான பகுதி இதுவே. உடம்புக்குள் இடப்பக்கத்தில் கால்பந்தளவு ஒரு கட்டி இருந்தது. அதில் கூழாங்கற்கள் கலந்திருந்தன. கோழி சிறு கற்களை விழுங்கி இரையை அரைப்பதுபோல் இதுவும் கற்களை விழுங்கியிருக்கிறது. ஆகவே அந்தக் கட்டி இரைப்பைதான் என்று உறுதியாயிற்று. அதிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்பெருக்கியில் பார்த்தார்கள். தாவரவியல் அறிஞர்களான டேவிட் கிரீன்வுட், ஜேம்ஸ் பேசிங்கர் ஆகியோர் பிரௌனோடு சேர்ந்து 2020-இல் இதன் முடிவை வெளியிட்டனர்.

உள்ளிருந்ததில் 88 சதவீதம் மென்று விழுங்கிய இலை. எஞ்சியதில் பெரும்பங்கு தண்டும் சுள்ளியும். இலையிலும் பெரும்பகுதி பெரணி. நம் கிணற்றுச் சுவர்களில் ஈரத்தில் முளைக்கும் அதே பெரணிக் குலம்தான். அக்காலத்து ஆல்பர்ட்டாவில் ஊசியிலை மரங்களும், பனைபோல் தோன்றும் சைக்கஸ் செடிகளும் ஏராளமாக இருந்தன என்பது அங்கே கிடைத்த இலைப் படிவங்களால் தெரிகிறது. ஆனால் வயிற்றில் ஊசியிலையும் சைக்கஸும் மிகச் சிறிதளவே இருந்தன. எனவே இவர் வாய்க்கு அகப்பட்டதையெல்லாம் தின்னும் பேர்வழி அல்லர், பொறுக்கித் தின்றிருக்கிறார். ஆடு வேலியில் தனக்குப் பிடித்த கொழுந்தை மட்டும் கடித்துவிட்டுப் போவதை இங்கே ஒப்பிடலாம்.

பெரணியின் விதைத்தூள் பைகள் வளர்ந்திருந்த நிலையையும், சுள்ளிகளில் அந்த ஆண்டின் வளையம் பாதி வளர்ந்து நின்றிருப்பதையும் வைத்து, விலங்கு இறந்தது வசந்தத்தின் கடைசிக்கும் நடுக்கோடைக்கும் இடைப்பட்ட காலம் என்று கூறிவிட்டார்கள். ஆண்டு தெரியாது, 11 கோடி ஆண்டுக்கு முன் என்பதே உத்தேசம். ஆனால் பருவம் தெரிகிறது! உண்ட சில மணி நேரத்துக்குள் மரணம் நேர்ந்திருக்கிறது என்பதும் தெரிகிறது.

வயிற்றில் 6 சதவீதம் அளவுக்குக் கரித்துண்டுகளும் இருந்தன. விலங்கு ஏன் கரியைத் தின்ன வேண்டும்? அது வேண்டுமென்று தின்னவில்லை. காட்டில் தீப்பிடித்து அணைந்தபின் முதலில் தளிர்ப்பவற்றில் பெரணியும் ஒன்று. தரையோடு தாழ்வாக முளைக்கும் அத்தளிரை, தாழ்ந்த தலையும் குட்டைக் கால்களும் கொண்ட இவ்விலங்கு மேயும்போது, அங்கே சிதறிக் கிடந்த கரியும் சேர்ந்து உள்ளே போயிருக்கிறது. எரிந்த காட்டில் தளிர் தேடி மேய்ந்த ஒரு விலங்கின் ஒரே ஒரு நாளை நாம் இவ்வாறு அறிந்துகொள்கிறோம். இன்றும் காட்டுத்தீக்குப் பின் முளைக்கும் இளம்புல்லைத் தேடி மான்கள் வருவதாக வன இலாகாவினர் சொல்வதுண்டு.

இத்தனை கோடி ஆண்டுக் கணக்குகள் வேதாகமத்தின் படைப்பு வரலாற்றோடு ஒத்துப்போகுமா என்று சில பெற்றோர்கள் கேட்கக்கூடும். மண்ணுக்குள் புதைந்த பழைய உயிர்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட தெயார் த ஷார்தன் (1881–1955) ஓர் இயேசு சபைக் குருவானவர் என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம்.

போரியலோபெல்டா இப்பொழுது டிரம்ஹெல்லரில் இருக்கிறது. சுரங்கத்தில் உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி வைத்திருக்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் துண்டுகள் சேர்ந்த விரிசல் கோடுகள் தெரியுமாம். ஒரு பக்கம் கழுத்துத் தட்டுகள், தோள் முள், செதில் செதிலான தோல். மறுபக்கம், உடைந்த இடுப்பின் ஓரத்தில், வெறும் கல்.